பெருமண்டபத்தில் ஒரு கணத்து ஒளி



கலியாண வீட்டுப் படத்தொகுதி ஒன்றை எடுத்து விரித்துப் பாருங்கள். மணவறையிலே மணமக்கள் பளிச்சென்று வீற்றிருப்பார்கள். அவர்களுக்குப் பின்னே நிற்கும் தோழியின் முகம் சற்று மங்கியிருக்கும். தோழிக்குப் பின்னால் நிற்கும் மாமன்மார் இன்னும் மங்கலாய் இருப்பர். மண்டபத்தின் கடைசி வரிசையில் இருந்து வாழ்த்தியவர்களோ வெறும் நிழலுருவங்களாய்க் கரைந்திருப்பார்கள். அன்று அங்கே சென்றிருந்த எவருக்கும் மண்டபம் அவ்வாறு இருண்டு தோன்றவில்லை. கண்ணுக்குத் தெரிந்தவர்கள் கமராவுக்கு ஏன் தெரியாமற் போனார்கள்? கையிலே தூக்கிச் செல்லத்தக்க சிறு விளக்கைக் கொண்டு பெரிய மண்டபம் ஒன்றை ஒளியூட்டுவது எப்படி? இந்த வினாவுக்கு ஏறத்தாழ 160 ஆண்டு வரலாறு உண்டு. அந்த வரலாற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள எண்ணுகிறேன்.

முதலில் இயற்கையின் விதியொன்றைச் சொல்லிவிடவேண்டும். ஒரு சிறு விளக்கிலிருந்து புறப்படும் ஒளி, தூரம் இரு மடங்கானால் பாதியாகக் குறைவதில்லை, காற்பங்காகக் குறைகிறது. விளக்கிலிருந்து 10 அடியில் இருக்கும் மணமகளின் முகத்தில் 64 பங்கு ஒளி விழுகிறதென்று வைத்துக்கொள்வோம். 20 அடியில் இருப்பவருக்கு 16 பங்கு கிடைக்கும். 40 அடியில் இருப்பவருக்கு 4 பங்கு. 80 அடிக்கு அப்பால், வாசலடியில் நிற்கும் கிழவருக்குக் கிடைப்பது ஒரே ஒரு பங்கு. மண்டபத்தின் சொந்த விளக்குகள் கூரையெங்கும் பரவி எரிவதால் நம் கண்ணுக்கு எல்லாரும் தெரிகிறார்கள். படம் பிடிப்பவரின் விளக்கோ ஓரிடத்திலிருந்து ஒரு கணம் எரிந்து அணைவது.

விளக்கைப் பெரிதாக்கினால் குறை தீர்ந்துவிடாதோ என்று கேட்கத் தோன்றும். தீராது. விளக்கை நூறு மடங்கு பெருக்கினாலும் 64க்கு 1 என்ற விகிதம் அப்படியே இருக்கும். வாசலடியில் நிற்பவர் தெளிவாகத் தெரியும் வேளையில் மணமகளின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்துவிடும். எளிய கணக்குத்தான், ஆயினும் இதனைச் செயலிற் கொண்டுவர மனிதர் நெடுங்காலம் எடுத்துக்கொண்டார்கள்.

பிரான்சிலே நதார் என்ற புனைபெயரால் அறியப்பட்ட பீலிக்ஸ் தூர்னஷோன் என்னும் படக்கலைஞர், 1861ஆம் ஆண்டளவில் பாரிஸ் நகரின் அடியிலுள்ள எலும்புச் சுரங்கங்களுக்குள் கமராவோடு இறங்கினார். பின்னர் அந்நகரின் கழிவுநீர்ச் சுரங்கங்களுக்குள்ளும் இறங்கினார். பன்சன் மின்கலங்களைத் தொகுத்து, அவற்றால் எரியும் கரிவில் விளக்கை அவர் பயன்படுத்தினார். ஒரு படத்துக்குப் பதினெட்டு நிமிடம் வரை செல்லும். அத்தனை நேரம் அசையாதிருக்க உயிருள்ள மனிதனால் இயலுமா? ஆகவே தொழிலாளரின் உடையை அணிவித்த பொம்மைகளை அவர் நிறுத்திவைத்தார். அந்தப் படங்களில் எலும்புகளை அடுக்கும் ‘தொழிலாளி’ ஒரு பொம்மை என்பதை அறிந்தபின் பார்க்கும்போது மனம் ஒருவாறு கூசுகிறது. ஒளி போதாத இடத்தில் மனிதனுக்கு இடமில்லை என்பதற்கு இதனைவிடத் தெளிந்த சான்று வேண்டியதில்லை.

அடுத்து வந்தது மகனீசியம் என்னும் உலோகம். அது எரியும்போது எழும் வெள்ளொளி படத்தகட்டின்மீது வலுவாய்ப் பதியும் என்பதை 1859இல் பன்சன், ரொஸ்கோ என்னும் இரு இரசாயன அறிஞர்கள் எடுத்துக்காட்டினார்கள். ஐந்தாண்டுகளின் பின்னர், 1864இல், மான்செஸ்டரைச் சேர்ந்த அல்பிரட் பிரதர்ஸ் மகனீசிய நாடாவை எரித்து இங்கிலாந்தின் டார்பிஷயரிலுள்ள குகையொன்றைப் படம் பிடித்தார். மறு ஆண்டு ஸ்கொத்லாந்தின் அரச வானியலாளராயிருந்த பியாசி ஸ்மித், எகிப்தின் பெரும் பிரமிட்டுக்குள் இதே ஒளியோடு புகுந்தார். அங்குள்ள அரசன் அறை சுமார் 34 அடி நீளமும் 17 அடி அகலமும் 19 அடி உயரமும் கொண்டது. நம் கிராமத்துச் சனசமூக நிலைய மண்டபத்தைவிடப் பெரிதன்று. ஆனாற் சுவர்கள் எல்லாம் கருங்கல். விழுந்த ஒளியைத் திருப்பித் தராதவை. மகனீசியம் எரிந்தால் வெண்புகை எழும். காற்றோட்டமற்ற அத்தகைய அறையில் ஒரு படம் எடுத்துவிட்டால், அடுத்ததற்குப் புகை அடங்கும்வரை காத்திருக்க வேண்டும்.

நாடா எரியப் பல நொடிகள் செல்லும். அதனை ஒரு கணத்துள் அடக்கியவர்கள் ஜெர்மனியரான அடொல்ப் மீத்தேயும் யொஹான்னஸ் கேடிக்கேயும் ஆவர். 1887இல் அவர்கள் மகனீசியத் தூளோடு பொற்றாசியம் குளோரேற்று முதலியவற்றைக் கலந்து, தீ வைத்ததும் ‘பக்’கென்று எரிந்துவிடும் தூளொன்றை ஆக்கினார்கள். ஜெர்மன் மொழியில் அதனை மின்னல் ஒளி என்று அழைத்தார்கள். பொருத்தமான பெயர், ஒளியோடு இடியும் சேர்ந்தே வந்தது.

இந்தத் தூளின் செய்தியைப் பத்திரிகையிற் படித்து அதனை உடனே கைக்கொண்டவர்களில் ஒருவர் நியூயோர்க் நகரின் பொலிஸ் நிருபரான ஜேக்கப் ரீஸ். டென்மார்க்கிலிருந்து குடியேறியவர். இருண்ட சேரி வீடுகளிலே பத்துப் பன்னிரண்டு பேர் ஓர் அறையில் நெருங்கிக் கிடப்பதை எழுத்தாற் சொல்லியும் நகரத்தார் நம்பவில்லை. ஆகவே அவர் இரவிலே சென்று மின்னல் ஒளியிற் படமெடுத்தார். 1890இல் வெளியான அவருடைய நூல் குடியிருப்புச் சட்டங்கள் திருந்துவதற்குத் துணைபுரிந்தது. அவருடைய நோக்கம் உயர்ந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. எனினும் அந்தப் படங்களிலே திடுக்கிட்டு விழித்த கண்களைக் காணும்போது, அழைப்பில்லாமல் நுழைந்த ஒளி அது என்பதையும் மறக்க முடிவதில்லை. தூளைப் பொரிக்கும் சட்டியில் இட்டுக் கொளுத்துவது அவர் வழக்கம். வீட்டுக்கு இரு தடவையும் தமக்கு ஒரு தடவையும் தீ மூட்டிக்கொண்டதாக அவரே பின்னாளில் எழுதினார். தூள் வெடித்துக் கையையும் கண்ணையும் இழந்தவர்கள் அத்தொழிலில் உண்டு. உயிரையே இழந்தவர்களும் உண்டு.

பெருமண்டபத்தின் கதை உண்மையில் தொடங்குவது அமெரிக்க நாட்டின் சிக்காகோ நகரில், ஜோர்ஜ் லோறன்ஸ் என்பவரோடு எனலாம். 1906இல் நிலநடுக்கத்தாலும் தீயாலும் அழிந்த சான் பிரான்சிஸ்கோ நகரை, பட்டங்களிற் கமராவைத் தூக்கி வானிலிருந்து படமெடுத்த மனிதர் இவரே. அதற்கு முன்பே உள்ளரங்குப் படங்களில் அவர் பேர்பெற்றிருந்தார். அக்காலத்தில் நூற்றுக்கணக்கானோர் அமர்ந்துண்ணும் பெருவிருந்துகளைப் படமெடுத்து விற்பது அமெரிக்காவில் ஒரு தனித்தொழில். ஒரே இடத்தில் மலைபோலத் தூளைக் குவித்துக் கொளுத்தினால் முன்மேசைக்காரர் வெளுத்துப் பின்மேசைக்காரர் கறுத்துப்போவார்கள். மண்டபத்தின் பல இடங்களிலும் சிறு சிறு அளவாகத் தூளை வைத்து, அவை அனைத்தையும் மின்சாரத்தால் ஒரே கணத்திற் கொளுத்துவதே லோறன்ஸ் கண்ட வழி. ஒவ்வொரு மேசைக்கும் அருகிலே அதற்கென ஒரு விளக்கு இருந்தாற்போலாயிற்று.

நேயர்களே, ஒளியூட்டுங் கலையில் அதன்பின் எத்தனையோ கருவிகள் வந்துவிட்டன. ஆயினும் பெரிய இடத்துக்குப் பெரிய விளக்கு வேண்டியதில்லை, பரவலாய் வைத்த பல சிறு விளக்குகளே வேண்டும் என்ற இந்த அறிவை எவரும் மாற்றவில்லை. வாசற்படி, திண்ணை, மாடக்குழி எங்கும் ஒவ்வோர் அகல் வைக்கும் கார்த்திகை விளக்கீட்டிலே நம் வீட்டுப் பெண்கள் செய்துவருவதும் இதுதானே!

தூளின் ஆபத்தை நீக்கியது மின்குமிழ். கண்ணாடிக் குமிழுக்குள் உலோகத்தை எரிக்கும் முறைக்குப் போல் பியர்க்கோட்டர் என்னும் ஜெர்மனியர் 1925இல் காப்புரிமை பெற்றார். உள்ளே மெல்லிய அலுமினியத் தகட்டைச் சுருட்டி வைத்த குமிழ் 1929இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. புகையில்லை, இடியில்லை, தீயுமில்லை. ஒரே குறை, ஒருமுறை எரிந்த குமிழ் மறுமுறைக்கு உதவாது, கழற்றி எறியவேண்டும். பை நிறையக் குமிழ்களோடு படக்காரர் அலைந்த காலம் அது.

அந்தக் குமிழைக்கொண்டு மனிதன் செய்த மிகப் பெரிய துணிகரச் செயல் அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ மாநிலத்தில் 1952இல் நிகழ்ந்தது. கார்ல்ஸ்பாட் குகைகளிலே ‘பெரிய அறை’ என்னும் பாதாள மண்டபம் ஒன்றுண்டு. ரெக்ஸ் ஹெல்ம் என்ற படக்காரர் அங்கே 2,400 குமிழ்களைப் பாறைகளின் மறைவில் பரப்பி, கம்பியால் இணைத்து, ஒருங்கே எரியச் செய்தார். 2,400 குமிழ்களும் ஒரு படத்துக்காக ஒரு கணத்தில் தீர்ந்தன.

எனினும் இத்துறையில் என் உள்ளங் கவர்ந்தவர் வின்ஸ்டன் லிங்க் என்னும் நியூயோர்க் படக்கலைஞர். 1955 முதல் 1960 வரை, நோபோக் அன்ட் வெஸ்ரேண் ரயில் பாதையில் ஓடிய கடைசி நீராவி இயந்திரங்களை அவர் இரவிலேயே படமெடுத்தார். பகலிற் சூரியன் தாம் விரும்பும் இடத்தில் நிற்பதில்லை, தண்டவாளத்தையும் நகர்த்த முடியாது. ஆகவே இருளில் ஒளியைத் தாமே அமைத்துக்கொள்வதே மேல் என்பது அவர் கருத்து. அவர் ரயிலை மட்டும் படமெடுக்கவில்லை. பாதையோரத்து வீடுகள், கடைகள், அங்கு வாழ்ந்த மனிதர்கள் எல்லாருக்கும் தனித்தனியே குமிழ் வைத்தார். பகல் முழுதும் கம்பி இழுத்து, மாலையிற் பரிசோதித்துவிட்டு, ரயில் வரும் வரை காத்திருப்பார். வந்த ரயில் ஒரு கணம்கூட நிற்காது. கெட்டிமேளம் முழங்கித் தாலி ஏறும் கணத்துக்காகக் காத்திருப்பவர்களுக்கு லிங்கின் நிலை நன்கு விளங்கும்.

மேற்கு வேர்ஜினியாவிலே மோட்டார் வண்டிகளில் இருந்தபடியே பார்க்கும் திறந்தவெளிப் படமாளிகை ஒன்றில், 1956இல் அவர் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. முன்னே வண்டிக்குள் ஓர் இளம் சோடி. அப்பால் வரிசை வரிசையாய் வண்டிகள். அவற்றுக்கும் அப்பால் புகை கக்கி ஓடும் ரயில். ஒரு பக்கத்தில் வெண்திரையிலே ஒரு விமானம். இத்தனை பெரிய வெளியை 43 குமிழ்கள் ஒளியூட்டின. ஆனால் ஒரு சங்கடம் நேர்ந்தது. குமிழ்களின் ஒளி வெண்திரையிலும் விழுந்து, அதில் ஓடிய படத்தை முற்றாக அழித்துவிட்டது. லிங்க் அந்த விமானத்தை வேறொரு படத்தகட்டிலிருந்து எடுத்துச் சேர்த்து அச்சிட வேண்டியதாயிற்று. இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. ஓர் இடத்துக்கு இயல்பாக உள்ள ஒளியை நாம் கொண்டுசெல்லும் ஒளி கொன்றுவிடலாம். குத்துவிளக்கின் சுடர், ஓமத் தீ, சரவிளக்குகளின் பொன்னிறம் ஆகியன பல கலியாணப் படங்களில் காணாமற் போவதற்கும் காரணம் இதுவே.

இந்தச் சிக்கலை அவிழ்க்கும் வாய்ப்பைத் தந்தது இலத்திரன் மின்னொளி. மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தின் பேராசிரியர் ஹறோல்ட் எட்ஜேட்டன் 1930களில் இதனை வளர்த்தெடுத்தார். மின்சாரத்தைத் தேக்கிவைத்து, வாயு நிரம்பிய குழாயினூடே ஒரே கணத்திற் பாய்ச்சினால் ஒளி வெடிக்கும். குழாய் எரிந்து தீர்வதில்லை. ஆயிரக்கணக்கான முறை பயன்படும். இரண்டாம் உலகப் போரிலே இரவில் எதிரியின் நிலைகளைப் படமெடுக்க இது விமானங்களில் ஏற்றப்பட்டது. 1944இல் இங்கிலாந்தின் ஸ்ரோன்ஹெஞ்ச் கற்றூண்களை ஏறத்தாழ 1,500 அடி உயரத்திலிருந்து எட்ஜேட்டன் இவ்வொளியால் இரவில் படமெடுத்துக் காட்டினார். போருக்குப் பின்னர் அதே கருவி சுருங்கிச் சுருங்கி, 1970களில் கையளவு விளக்காகிக் கலியாண வீடுகளுக்கு வந்துசேர்ந்தது.

இலத்திரன் மின்னொளி ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். ஆகையால் கமராவின் ஷட்டர் நொடியின் அறுபதில் ஒரு பங்கு திறந்திருந்தாலென்ன, எட்டில் ஒரு பங்கு திறந்திருந்தாலென்ன, அந்த மின்னொளியின் அளவு மாறாது. மண்டப விளக்குகளோ விடாது எரிபவை. ஷட்டர் கூடிய நேரம் திறந்திருந்தால் அவற்றின் ஒளி கூடுதலாகப் பதியும். ஆக, முன்னால் இருக்கும் மணமக்களுக்கு மின்னொளியும், பின்னால் இருக்கும் மண்டபத்துக்கு அதன் சொந்த ஒளியும் என்று இரண்டையும் தனித்தனியே ஆளலாம். நிறம் மட்டும் இடர் செய்யும். மின்னொளி பகல் வெளிச்சம்போல் வெண்மையானது. பழைய மின்குமிழ்களின் ஒளி செம்மஞ்சள். இளஞ் செம்மஞ்சட் கண்ணாடித்தாளை மின்விளக்கின் முன்னே ஒட்டிவிட்டால் இரண்டும் ஒத்துப்போகும்.

நம் நாட்டுக் கலியாணங்களைப் பற்றியும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. யாழ்ப்பாணத்து முற்றங்களில் பெற்றோமாக்ஸ் வெளிச்சத்தில் நடந்த இரவு முகூர்த்தங்களை மூத்த நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்த விளக்குகள் கண்ணுக்குப் போதுமானவை. அக்காலத்துப் படச்சுருளுக்குப் போதாதவை. ஆயினும் பந்தலின் உட்புறத்திலே வெள்ளை கட்டும் நம் வழக்கம் படக்காரருக்குப் பெரும் வரப்பிரசாதம். மின்விளக்கை மேல்நோக்கித் திருப்பினால் வெள்ளைத் துணியில் ஒளி பட்டுச் சிதறி, பந்தல் முழுவதும் மழைபோல் இறங்கும். தனி ஓலைக்கூரை ஒளியை விழுங்கிவிடும். இக்காலத்து மண்டபங்களின் 30 அடிக் கூரையும் ஏறக்குறைய அப்படித்தான். ஒளி ஏறி இறங்குவதற்குள் இளைத்துப்போகிறது.

பின்வரிசையைப் பற்றி ஏன் இத்தனை கவலை என்று சிலர் எண்ணக்கூடும். பள்ளிக்கூட அதிபராய் இருப்பதால் பழைய மாணவர் பலர் பழைய படங்களைத் தேடி வருவதை நான் காண்கிறேன். தம் பேத்தியாரின் முகத்தை அறிய விரும்பும் ஒருவருக்கு, யாரோ ஓர் உறவினரின் கலியாணப் படத்து ஓரத்தைத் தவிர வேறு சான்று கிடையாது. நம் பெண்களில் ஒரு தலைமுறையினர் தமக்கென்று தனியே ஒரு படம் எடுத்துக்கொண்டதே இல்லை. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்தபோது, உடுபுடைவைக்கு முன் படத்தொகுதியைப் பையில் வைத்த குடும்பங்கள் உண்டு. வைக்க மறந்து இன்றளவும் வருந்தும் குடும்பங்களும் உண்டு. கடைசி வரிசையில் ஓர் இருண்ட உருவமாய்ப் பதிந்துவிட்ட முகத்தை எந்தக் கைவன்மையாலும் பின்னர் மீட்டெடுக்க இயலாது. படத்தில் ஏறாத ஒளி ஏறாததுதான்.

இனி இன்றைய முறைக்கு வருவோம். மண்டபத்தின் மூலைகளில் ஆளுயரத்துக்கும் மேலான தாங்கிகளிலே இரண்டு அல்லது நான்கு சிறு மின்விளக்குகளை நிறுத்துகிறார்கள். விளக்கு தூரத்தே நின்றால் ஒளி சீராய்ப் பரவும். 40 அடியில் இருப்பவருக்கும் 50 அடியில் இருப்பவருக்கும் இடையே மூன்றில் ஒரு பங்கு வேறுபாடுதான். 10 அடிக்கும் 20 அடிக்கும் இடையிலோ நான்கு மடங்கு. முன்னர் இவற்றை ஒருங்கே எரியவைக்க ஒளியுணர் கண்களைப் பொருத்தினார்கள். ஒரு விளக்கு எரிந்தால் அதைக் கண்டு மற்றவையும் எரியும். மாப்பிள்ளையின் தோழர்கள் தம் சொந்தக் கமராவால் ஒவ்வொருமுறை மின்னல் அடிக்கும்போதும் மூலை விளக்குகளும் சேர்ந்து எரிந்து, தாலிகட்டும் வேளையில் பற்றரி தீர்ந்து நின்ற வேடிக்கை எத்தனையோ! இப்போது வானொலி அலைகளே அவற்றை இயக்குகின்றன. நேயர்களாகிய உங்களுக்கு நெருங்கிய நண்பன் அந்தப் பணியையும் ஏற்றுக்கொண்டான் என்பதில் எனக்குச் சிறு மகிழ்ச்சி.

கமராவும் கூர்மையடைந்துவிட்டது. முன்னாளில் 100 என்ற உணர்திறனுள்ள படச்சுருளை இட்டவர்கள் இன்று 3,200 என்ற உணர்திறனில் அச்சமின்றிப் படமெடுக்கிறார்கள். 32 மடங்கு கூர்மை. அதே சிறு விளக்கு முன்னையிலும் ஐந்தரை மடங்கு தூரம் எட்டும். லோறன்சின் தூளும் ஹெல்மின் குமிழ்களும் செய்த வேலையை ஒரு கைப்பையில் அடங்கும் நான்கு விளக்குகள் செய்துவிடுகின்றன. ஆனால் அவற்றை எங்கே நிறுத்துவது என்பதைக் கருவி சொல்லித்தராது. தேர்ந்த படக்காரர் முதல்நாள் மாலையே மண்டபத்துக்குப் போய்விடுவார். கூரையை அண்ணாந்து பார்ப்பார். சுவரின் நிறத்தைப் பார்ப்பார். விருந்தினர் நடக்கும் வழியில் தாங்கியோ கம்பியோ குறுக்கிடாதபடி இடம் பார்ப்பார். பிறகு உதவியாளரைக் கடைசி வரிசையிலே தூணோரத்து நாற்காலியில் இருத்தி, விளக்குகளை எரித்து, முதற்படத்தை அவரைக்கொண்டே எடுத்துப் பார்ப்பார்.